பிடி

கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் இருந்த கோல்ஃப் மைதானத்தில் இருபத்திரண்டு வருஷம் கேடியாக, ஆட்டக்காரர்களின் மட்டைப் பை சுமந்தேன். இப்போது மணலூர்பேட்டையில், தென்பெண்ணைக் கரையோரம் அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறேன். பற்று என்று யாராவது பேச ஆரம்பித்தால், டிரைவர் மட்டையைப் பிடித்த கைகள்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும்.

ஒரு சார் இருந்தார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 200 யார்டு அடித்துக்கொண்டிருந்தவருக்குப் பந்து 160-ஐத் தாண்டவில்லை. டீ என்கிற சின்ன முளையில் பந்தை வைத்துவிட்டுத் தூரத்துக் கொடியைப் பார்ப்பார். பார்த்ததுமே விரல் முட்டிகள் வெளுக்கும். பிடி இறுகினால் முன்கை விறைக்கும், மணிக்கட்டு மடங்காது, இடுப்பு திரும்புமுன் வலது தோள் முந்திக்கொண்டு பாயும். மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வந்து பந்தைச் சீவும். பந்து வலப்பக்கம் வளைந்து ரஃப் புல்லுக்குள் விழும். போக வேண்டிய தூரம் சுழற்சியிலேயே தீர்ந்துவிடும். அவரோ பலம் போதவில்லை என்று அடுத்ததை இன்னும் இறுக்குவார்.

"சார், குருவியப் பிடிச்ச மாதிரி பிடிங்க" என்றேன். அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் சொன்னதாக மூத்த கேடிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது. குருவி பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது.

மூன்றாவது பந்து நேராகப் போனது. அவர் சந்தோஷப்படவில்லை. "தூரம் போகணும்னுதானேப்பா தளர்த்துறேன்? அப்ப இதுவும் ஆசைதானே?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அப்பாவின் கதிரடி நினைவுக்கு வந்தது. நெற்கட்டைப் புரியால் வளைத்து, தலைக்கு மேலே தூக்கிக் கல்லில் அடிப்பார். பதினாலு வயசில் நான் அடித்தால் பாதி நெல் தாளிலேயே தங்கும், தோள் எரியும். "அடிக்காதடா, கட்ட விழ விடு" என்பார். அவருக்கு நெல் மேல் ஆசை இல்லையா? சிதறிய மணியைக் குனிந்து பொறுக்கியவர். விதை தேடி அலைந்தபோதும், ராத்திரி மடை திறக்கப் போனபோதும் அந்த ஆசை அவர் கூடவே போனது. கட்டு இறங்கும்போது மட்டும் அது கையில் இருக்காது.

மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் யாரும் எதையும் சேர்க்க முடியாது. பந்து போன பிறகு உடம்பை வளைத்து அதனிடம் கெஞ்சியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஆசையே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. துறவைப் பேசும் அதிகாரத்தைக்கூட வள்ளுவர், பற்றை விடுவதற்காக ஒன்றைப் பற்றச் சொல்லித்தான் 350-ஆவது குறளில் முடிக்கிறார். கையை முழுசாக விரித்தால் மட்டை பறந்துபோய் யார் மண்டையையாவது உடைக்கும்.

தை 5-ஆம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எங்கள் ஆற்றுக்கு வருவார். போன தையில் பேரனைக் கூட்டிக்கொண்டு மணலில் நின்றேன். கூட்டம் நெருக்கியது. சுவாமி தண்ணீரை நெருங்கும் நேரம், "தாத்தா, கை வலிக்குது" என்றான்.

குனிந்து பார்த்தேன். என் முட்டிகள் வெளுத்திருந்தன.