வழிபாட்டை வரையும் உரிமை

பிறர் வழிபாட்டைப் படமாக்கும் உரிமை எவர்க்குண்டு? அருகில் நின்று கண்டவர்க்கா? தொலைவிலிருந்தே திறம்படத் தீட்டுபவர்க்கா? அன்றி, வழிபடுவோர்க்கு மட்டுந்தானா? செப்புத் தகட்டில் படம் செதுக்கிய இருவரை எண்ணிப் பார்த்தால் இவ்வினா கூர்மை பெறும்.

1723 முதல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த, உலகச் சமயச் சடங்குகள் பற்றிய பெருநூலுக்குப் படம் செதுக்கியவர் பெர்னார் பிகார். இந்திய மண்ணை மிதித்தறியாதவர். பயணிகளின் நூல்களைத் துணைக்கொண்டு, ஓர் ஆலமரத்தடியில் பலவகைத் தவசிகளையும் ஒருங்கே திரட்டிக் காட்டினார். கோடுகளில் அழகுண்டு, ஆயினும் அங்கே நிற்பவர் மனிதரல்லர், மாதிரிகள். நேரிற் காணாதவரைப் பற்றிக் கோப்பில் குறிப்பெழுதும் எழுத்தர்களாகிய எங்களுக்கு இது புதிதன்று!

மற்றவர், ஆண்ட்வெர்ப் நகரத்துப் பல்தசார் சோல்வின்ஸ். 1791-இல் கல்கத்தா வந்து ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். தொழில், இசைக்கருவி, படகு, விழா என 250 படங்களைத் தகட்டில் பதித்தார். நம் செடிலை ஒத்த சரக் பூசையில், கொக்கியில் தொங்கிச் சுழலும் அடியவரையும் வரைந்தார். பின்னர்ப் பாரிசில் 1808 முதல் 1812 வரை விரித்து வெளியிட்ட நூல் அவருக்கு நட்டமே தந்தது.

அருகில் வாழ்ந்தமை மட்டும் போதுமா? அந்நூல் ஐரோப்பிய வாசகர்க்கென எழுந்தது. கொக்கியில் தொங்கிய அடியவர் கைக்கு அது என்றேனும் எட்டியிருக்குமோ?

பிரேசிலின் பாயியாவில், அடிமைகளாய்க் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் காத்த கண்டோம்பிளே வழிபாட்டை வரைந்தவர் கரிபே. அர்ஜென்டினாவில் பிறந்த அவர், அவ்வழிபாட்டுக் கூடமொன்றில் சிறப்புப் பதவி பெற்று, 1997-இல் அங்கேயே உயிர்நீத்தார். தாம் வரைந்த மக்களின் முகத்தில் நாளும் விழித்தாக வேண்டியவர் அவர். எல்லாரும் அடியவராதல் இயலாது. ஆனால் அந்தப் பொறுப்பை எல்லாரும் ஏற்கலாம்.

ஆடித் திங்களில் நம் லிங்கராஜபுரத்துத் தெருவில் தீச்சட்டி ஏந்தி வரும் அம்மையாரை நோக்கி எத்தனை கைப்பேசிகள் உயர்கின்றன! தகட்டில் செதுக்குபவர் வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் செதுக்கினால்தான் தாளில் உள்ளவாறு தோன்றும். படமெடுப்பவரும் அவ்வாறே தம்மை மறுபுறத்தில் நிறுத்திப் பார்த்தல் வேண்டும். இப்படத்தை அவ்வம்மையாரின் கையிலேயே கொடுக்க என் மனம் துணியுமா? துணியுமெனில் எடுக்கலாம். துணியாதெனில், கைகூப்பி வணங்கி அகல்வதே அறம்.