இறுக்கிய ரீலும் ஆளில்லாத கம்பும்

தூண்டில் கம்பைத் தண்ணீருக்குப் பறிகொடுத்தவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், முதலில் மீனின் அளவைத்தான் சொல்வார்கள். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார்கள். பத்துக் கிலோவுக்குக் குறையாது என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கம்பு போன வேகத்தை வைத்து மீனை எடைபோடுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கரையில் சாய்த்து வைத்த கம்பை இழுத்துக்கொண்டு போக இரண்டு கிலோ ரோகு தாராளமாகப் போதும். ராடும் ரீலும் சேர்ந்தால் ஏறத்தாழ அரைக் கிலோ. கவட்டைக் குச்சிமேல் சும்மா சாய்ந்திருக்கும் அந்த அரைக் கிலோவை அசைக்க எந்த ராட்சத மீனும் வரவேண்டியதில்லை.

கம்பு தண்ணீருக்குள் போவதற்கு ஒரே கணக்குத்தான் உண்டு. மீன் இழுக்கும்போது இரண்டு விஷயங்களில் ஒன்று நடக்க வேண்டும்: ரீலிலிருந்து நரம்பு கழன்று ஓட வேண்டும், அல்லது கம்பு நகர வேண்டும். எது எளிதோ அது நடக்கும். நரம்பு கழலத் தேவைப்படும் இழுப்பைவிடக் கம்பு நகரத் தேவைப்படும் இழுப்பு குறைவாக இருந்தால் கம்பு போய்விடும். நரம்பை எவ்வளவு சிரமத்தில் கழலவிடலாம் என்று தீர்மானிப்பதற்காகவே ரீலில் ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். டிராக் என்பார்கள். கையில் பிடித்து மீனோடு மல்லுக்கட்டும்போது, நரம்பு தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை டிராக்கை வைப்பது வழக்கம். பத்துக் கிலோ தாங்கும் நரம்பென்றால் இரண்டரை, மூன்று கிலோ. அது கையில் இருக்கும் கம்புக்கு உரிய கணக்கு. கீழே வைத்துவிட்ட கம்புக்கு அதே கணக்கைப் போட்டால், மூன்று கிலோ இழுப்பு வரும்வரை நரம்பு அசையாது. கம்போ அரைக் கிலோ இழுப்பிலேயே கிளம்பிவிடும்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில், பண்ணவாடிப் பரிசல் துறைக்கு அருகே ஓர் இளைஞரைப் பார்த்தேன். மூன்று கம்புகள் கொண்டுவந்திருந்தார். தவிட்டையும் மைதாவையும் பிசைந்து சுருள்கம்பியில் உருண்டையாக அப்பினார். சுற்றிலும் தொங்கிய சிறு முள்களை ஒவ்வொன்றாக மாவுக்குள் புதைத்தார். கம்பைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் நீளமாக வீசினார். தக்கையில்லாத அடித்தூண்டில். உருண்டை தரைதட்டியதும் தொய்வு போக நரம்பைச் சுற்றினார். அதுவரை எல்லாமே அழகாகச் செய்தார். பிறகு ரீலின் தலையில் இருந்த திருகை வலப்பக்கமாகத் திருகினார். டிக், டிக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்ற பிறகும் இன்னும் அரைச் சுற்றுக்கு முயன்றார். நுனியில் ஒரு சிறிய மணியை மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

எதற்கு இவ்வளவு இறுக்கம் என்று கேட்டேன். “லூசா விட்டா மீன் போயிருங்கண்ணா” என்றார்.

மூன்று கம்புகளையும் அப்படியே வைத்துவிட்டு மரத்தடியில் நண்பர்களோடு உட்காரப் போனார். நடுக்கம்பின் மணி ஒரு தடவைதான் அடித்தது. கம்பின் அடிப்பகுதி தரையிலிருந்து எழும்பி, கவட்டையைத் தாண்டி, கரைச்சேற்றில் ஒரு கோடு போட்டபடி உள்ளே போய்விட்டது. அவர் ஓடிவந்து செருப்பை உதறிவிட்டுத் தொடையளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவர் கரையிலிருந்து குரல் கொடுத்தார்: “தம்பி, மேல வாங்க. கம்பு வாங்கிக்கலாம், மேல வாங்க.” பெரியவருக்கு அந்தத் தண்ணீரின் அடி தெரியும். 1934இல் அணை கட்டி முடிந்தபோது பழைய ஊர்களே அதற்குள் மூழ்கின. நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலங்களில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் அங்கே வெளியே தெரியும். எந்த அடியில் பள்ளம், எந்த அடியில் மேடு என்று கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இளைஞர் மேலே வந்துவிட்டார். 3,000 ரூபாய் செட் என்றார்.

எனக்கு அந்த 3,000 ரூபாயைவிட அவர் சொன்ன காரணம்தான் மனத்தில் தங்கிவிட்டது. மீன் போய்விடக் கூடாது என்பதற்காக இறுக்கினார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மனமில்லை. இழந்துவிடுவோம் என்ற பயம் இருக்கிறது, இருந்து கவனிக்கும் பொறுமை இல்லை. அந்த இடைவெளியை ஒரு திருகைக் கொண்டு அடைக்கப் பார்த்தார். கம்புகள் தண்ணீருக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். கரையை விட்டு வெளியேயும் நிறைய விஷயங்கள் இப்படித்தான் கைவிட்டுப் போகின்றன.

சென்னையில் இருக்கும் என் நண்பர் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் தன் அப்பாவைத் தொலைபேசியிலேயே பார்த்துக்கொண்டார். அன்பில் குறைவே கிடையாது. வயலுக்குப் போகக் கூடாது, சைக்கிள் எடுக்கக் கூடாது, டீக்கடையில் உட்காரக் கூடாது, இருட்டுவதற்குள் கதவைச் சாத்திவிட வேண்டும். அப்பா எல்லாவற்றுக்கும் “சரிப்பா” என்றார். ஒரு நாள் கைப்பேசியை அலமாரிமேல் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். இரண்டு நாள் தேடி, கடைசியில் ஒரு பழைய கூட்டாளி வீட்டுத் திண்ணையில் கண்டுபிடித்தார்கள். நண்பர் அழுதார். அதற்குப் பிறகு சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார், டீக்கடைக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டார், பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஊருக்குப் போகத் தொடங்கினார். அப்பா இப்போது எங்கே போனாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறார். அருகில் இருக்க முடியாதபோது கட்டுப்பாட்டைக் கூட்டுவது எவ்வளவு அபாயம் என்பதை அந்தக் குடும்பத்தில் நேராகப் பார்த்தேன். அருகில் இருப்பவர் கொஞ்சம் கடுமையாக இருக்கலாம். தளர்த்த வேண்டிய கணம் அவருக்குத் தெரியும். தொலைவில் இருப்பவருக்கு அந்தக் கணம் தெரிய வழியில்லை.

பழைய மூங்கில் கம்பில் இந்தச் சிக்கலே எழவில்லை. நுனியில் கட்டிய கொஞ்ச நீளக் கயிறு, ஒரு தக்கை, ஒரு முள். கையில் வைத்திருந்தால்தான் மீன். தக்கை அமிழ்ந்த நொடியில் தூக்க வேண்டும். குறுந்தொகையின் 54ஆம் பாட்டில், யானை வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலை விட்டதும் அது விருட்டென்று நிமிர்வதற்கு, மீன் பிடித்ததும் மேலே எழும் தூண்டிலை உவமை சொல்லியிருக்கிறார் ஒரு புலவர். அவருடைய சொந்தப் பெயர் மறைந்துபோய், அந்த உவமையாலேயே மீனெறி தூண்டிலார் என்று அறியப்படுகிறார். தூண்டிலைக் கையில் பிடித்தவரையோ, பிடித்தவர் பக்கத்தில் நின்று பார்த்தவரையோ தவிர வேறு யாருக்கும் அந்த உவமை தோன்றியிருக்காது. தப்பித்தவறி மூங்கில் கம்பு தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். எருமை மேய்க்கும் பையன் எடுத்துக் கொடுத்துவிடுவான். இன்றைய கார்பன் கம்பும் கண்ணாடியிழைக் கம்பும் தண்ணீரைவிட அடர்த்தியானவை. கார்பன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உலோக ரீலும் சேர்ந்துகொண்டால் நேராக அடிக்குத்தான்.

எப்படித் தடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நரம்பு எளிதில் கழல வேண்டும், கம்பு எளிதில் நகரக் கூடாது. முதலாவதற்குக் காசே செலவில்லை. கம்பை வைத்துவிட்டு எழும் முன், ரீலுக்கு முன்னால் நரம்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். கம்பு அசையாமல் நரம்பு மட்டும் வர வேண்டும். வராவிட்டால் டிராக்கைத் தளர்த்துங்கள். மீன் கடித்ததும் கம்பை எடுத்து, இறுக்கிக்கொண்டே சுற்றலாம். அதற்கு இரண்டு நொடி போதும். இதற்கென்றே ஒரு வகை ரீல் இருக்கிறது. ஷிமானோ நிறுவனம் பெய்ட்ரன்னர் என்ற பெயரில் விற்பது. பின்னால் உள்ள சிறு விசையைத் தட்டினால் நரம்பு லேசாகக் கழலும். கைப்பிடியைச் சுற்றியதும் பழைய இறுக்கம் தானாக வந்துவிடும். நல்ல ஏற்பாடு. இருந்தாலும் சாதாரண ரீலில் திருகைத் தளர்த்தத் தெரிந்தவருக்கு அது கட்டாயமில்லை.

கம்பு நகராமல் இருக்கக் கவட்டைக் குச்சியை நம்பாதீர்கள். அது கம்பைத் தாங்கும், பிடிக்காது. ஒரு முழத்துக்குக் குறையாத பிவிசி குழாயின் ஒரு முனையைச் சாய்வாக வெட்டி, தரையில் ஆழமாக அடித்து, கம்பின் அடியை அதற்குள் இறக்கிவிட வேண்டும். கடற்கரை மணலில் இன்னும் நீளமான குழாய் வேண்டும். ஈரமணல் அலைக்கு இளகிக்கொடுக்கும். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் பாறைகளில் குழாய் அடிக்க வழியில்லை. அங்கே ரீல் பொருந்தும் இடத்துக்குக் கீழே ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பாறை இடுக்கிலோ கனமான பையிலோ பிணைத்துக்கொள்ளலாம். படகில் போகிறவர்களும் கம்பைக் கயிற்றால் படகோடு கட்டிவிடுவது நல்லது. உங்கள் உடம்போடு மட்டும் கட்டிக்கொள்ளாதீர்கள். வேறு வழியே இல்லாத இடத்தில், மூடி இறுக்கிய அரை லிட்டர் காலிப் பாட்டில் ஒன்றைக் கம்பின் அடியில் கட்டிவிட்டால், வழக்கமான ராடு, ரீல் செட்டை அது மிதக்கவைக்கும். மணி எச்சரிக்கும், அவ்வளவே. இருபது அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மணியால் பயனில்லை.

வீசும்போது கைநழுவிப் போகும் கம்புகளும் உண்டு. மீன் தொட்ட கை, மாவு பிசைந்த கை. ஒரு துணியை இடுப்பில் செருகிக்கொண்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

இதையெல்லாம் நான் கம்பின் விலைக்காகச் சொல்லவில்லை. போன கம்பின் மறுமுனையில் ஓர் உயிர் இருக்கிறது. வாயில் முள்ளோடு, ஐந்தாறு அடி நீளக் கம்பையும் நூறு மீட்டர் நரம்பையும் இழுத்துக்கொண்டு அந்த மீன் நீந்த வேண்டும். முதல் வேரிலோ பாறையிலோ சிக்கிக்கொள்ளும். இரை தேட முடியாது, மேலே வர முடியாது. நைலான் நரம்பு மக்கிப்போவதில்லை. மீன் செத்த பிறகும் அது அங்கேயே கிடந்து நீர்க்காகத்தின் காலையோ ஆமையின் கழுத்தையோ சுற்றும். காவிரியில் நீர்நாய்கள் வாழும் பகுதிகளில் இது இன்னும் பெரிய கொடுமை. தின்பதற்காக மீன் பிடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. யாருக்கும் பயனில்லாமல் ஒரு மீனை நாட்கணக்கில் சாகவிடுவது பாவம். அதனால் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு செதிலைக் குறடால் அழுத்தி மழுக்கிவிடச் சொல்வேன். நரம்பு தொய்ந்தால் அந்த முள் எளிதில் கழன்றுவிடும். முள்ளோடு சேரும் கடைசி முழத்துக்கு, முதன்மை நரம்பைவிட மெலிந்த நரம்பைக் கட்டுங்கள். எங்காவது சிக்கினால் அது முதலில் அறுந்து மீனை விடுவிக்கும். மீன் கொஞ்சம் அதிகமாகத் தப்பிக்கத்தான் செய்யும். தப்பிக்கட்டும்.

ஒருவர் எத்தனை கம்பு போடலாம் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து கைநீட்டினால் எட்டுகிற கம்புகள் உங்களுடையவை. மற்றவை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைத்தவை. அநேகமாக அந்த எண்ணிக்கை இரண்டைத் தாண்டாது. நான்கு கம்பு போட்டால் நான்கு மடங்கு மீன் கிடைக்கும் என்று நம்பி, நான்குக்கும் நடுவில் ஓடி, எதையும் ஒழுங்காகக் கவனிக்காமல் மாலையில் களைத்துத் திரும்புகிறவர்களை ஏரிக்கரைகளில் நிறையப் பார்க்கலாம். வேலை, பக்கத்தொழில், சீட்டு, பங்குச்சந்தை என்று வாழ்க்கையிலும் அப்படி ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களில் பலர் திறமைசாலிகள். இரண்டோடு நிறுத்தியிருந்தால் நன்றாகச் செய்திருப்பார்கள்.

எல்லாம் செய்தும் கம்பு போய்விட்டால், போன இடத்துக்கு நேரே எதிர்க்கரையில் ஓர் அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். இன்னொரு கம்பில் கனமான ஈயக்குண்டும் மூன்று கூர் கொண்ட முள்ளும் கட்டி, அந்த இடத்துக்கு அப்பால் வீசி, தரையைத் தடவியபடி மெதுவாக இழுக்க வேண்டும். கம்பைத் தேடாமல் நரம்பைத் தேடுங்கள். கம்பைவிட நரம்பு எத்தனையோ மடங்கு நீளம், குறுக்கே இழுத்தால் சிக்கும். சிக்கியதும் வெறுங்கையால் இழுக்காதீர்கள், இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு நரம்பு சதையை அறுத்துவிடும். காந்தம் கட்டி இறக்குவது வீண் வேலை. கார்பனிலும் அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது.

தண்ணீரில் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள். அணைக்குக் கீழே ஆற்றில் நிற்கிறீர்கள் என்றால் எந்த நேரமும் தண்ணீர் திறந்துவிடலாம். ஆற்றுப்படுகையில் மணல் அள்ளிய பள்ளங்கள் வெளியே தெரியாது. ஏரியில் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும். தூண்டில் வளைவுப் பாறைகளில் பாசி வழுக்கும். உங்களோடு பிள்ளைகள் வந்திருந்தால், கம்பை முதன்முதலாக அவர்கள் கையில் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்: கம்பு போனால் அப்பா வேறு வாங்கித் தருவேன், நீ கரையிலேயே நில்.