மன்னிக்க நாம் யார்?

ஸ்பீல்பெர்க்கின் ‘லிங்கன்’ (2012) பார்த்தவர்களுக்குத் தாடியஸ் ஸ்டீவன்ஸை நினைவிருக்கும். டாமி லீ ஜோன்ஸ் நடித்த, விக் வைத்த, தேள் கொடுக்கு மாதிரி பேசுகிற கிழவர். அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தத்துக்காக நிஜத்திலும் முன்னே நின்றவர்.

படத்தில் வராத ஒரு வழக்கு உண்டு. 1821இல் ஸ்டீவன்ஸ், பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் இளம் வக்கீல். பக்கத்து மாநிலமான மேரிலாந்தின் நார்மன் புரூஸ் அவருடைய கட்சிக்காரர். புரூஸின் அடிமை சாரிட்டி பட்லர், தனக்கும் தன் இரண்டு குழந்தைகளுக்கும் விடுதலை கேட்டிருந்தார். 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிமாநிலத்து அடிமையைப் பென்சில்வேனியாவில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அவருக்கு விடுதலை. சாரிட்டி விட்டுவிட்டு வந்து தங்கியவர். எல்லா நாளையும் கூட்டிப் பாருங்கள் என்றது அவர் தரப்பு. தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் என்றது ஸ்டீவன்ஸ் தரப்பு. மாநில உச்ச நீதிமன்றம் ஸ்டீவன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. தாயும் பிள்ளைகளும் அடிமைகளாகவே இருந்தார்கள்.

அதன்பின் வந்த ஸ்டீவன்ஸ் வேறு ஆள். கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்ததால் 1838இல் மாநில அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்தார். சட்டத்தின் முன் சமத்துவம் தந்த 14ஆவது திருத்தத்துக்குப் பாடுபட்டார். 1868இல் இறந்தபோது, இன பேதம் பார்க்காத ஒரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவரேதான்.

“அதான் பின்னாடி இவ்வளவு பண்ணிட்டாரே, விடுங்க” என்று சொல்லத் தோன்றும். ஆனால் கடன் ஒரு இடத்தில், அடைத்தது வேறு இடத்தில். ஊருக்கே அன்னதானம் போட்டாலும் மளிகைக்கடைப் பாக்கி அப்படியேதான் இருக்கும்.

கட்சிக்காரருக்காக வாதாடுவது வக்கீலின் தொழில்தானே? சரிதான். குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு ஒரு வக்கீல் வேண்டும். புரூஸ் கூண்டில் நிற்கவில்லை. மூன்று மனிதர்கள் தன் சொத்தாகவே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குத்தான் அந்தத் திறமை உதவியது.

பாவத்தில் தொடங்கி மனம் திருந்துகிற கதை நமக்கு எப்போதும் பிடிக்கும். அந்தக் கதையில் சாரிட்டி, ஒரு பெரிய மனிதர் வளர்வதற்கான முதல் அத்தியாயமாகச் சுருங்கிவிடுகிறார். அவருக்கோ அதுதான் முழு வாழ்க்கை.

ஸ்டீவன்ஸை நான் மதிக்கிறேன். அந்த மதிப்பைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது. மன்னிப்பு என் கையில் இல்லை. அது சாரிட்டி பட்லரும் அந்த இரண்டு குழந்தைகளும் கொடுத்திருக்க வேண்டியது.