கெட்டிக்காரப் பிள்ளையின் உள்ளமும் ஓர் அமானிதமே

 

நாம் வியாபாரிகள். வாடும் சரக்கை வெயிலில் பரப்பமாட்டோம். ஆனால், அல்லாஹ் நமக்கு அமானிதமாகத் தந்த கூர்மதிப் பிள்ளையை என்ன செய்கிறோம்? கடைக்கு வருவோர் போவோரிடமெல்லாம் அவனுடைய மதிப்பெண்ணைச் சொல்லிப் பூரிக்கிறோம். கொஞ்சம் குறைந்தால் முகத்தைச் சுளிக்கிறோம். இரண்டையும் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது?

பாலகர் யூசுப் (அலை) தாம் கண்ட கனவைச் சொன்னபோது, தந்தை யஃகூப் (அலை) அதை ஊரெல்லாம் பறைசாற்றவில்லை. சகோதரர்களிடம் சொல்லவேண்டாமென்று எச்சரித்தார்கள். பிள்ளையின் சிறப்பை அறிந்த தந்தை முதலில் செய்தது, அவரைப் பாதுகாத்ததுதான்.

"அவனுக்கென்ன, கெட்டிக்காரன்!" என்று இருந்துவிடுகிறோம். அறிவு வயதை முந்தி ஓடும். உள்ளமோ வயதோடுதான் நடக்கும். பதினைந்து வயதுக் கணக்கைப் போடும் பத்து வயதுப் பையன், தோற்றால் பத்து வயதுப் பிள்ளையாகத்தான் அழுவான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை விடவா கெட்டிக்காரர் வேண்டும்? 1091-இல் பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸாவில் பேராசிரியராக அமர்ந்தார்கள். 1095-இல் பாடம் சொல்ல நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியதென்று வைத்தியர்கள் கைவிட்டனர். இதை இமாம் அவர்கள் மறைக்கவில்லை. தம் நூலில் தாமே எழுதிவைத்தார்கள். அப்படியிருக்க, உறக்கமும் பசியும் கெட்டு நிற்கும் நம் பிள்ளையை, "ஈமான் குறைவு" என்று ஏசுவது எந்த நியாயம்?

பாடம் முடிந்ததும் பிள்ளையை விளையாட விடவேண்டும், ஓயாமல் படிப்பில் நெருக்கினால் உள்ளம் செத்து அறிவும் மழுங்கும் என்று 'இஹ்யா'வில் அந்த இமாம் அவர்களே உபதேசிக்கிறார்கள்.

சிங்கப்பூரில் 1984-இல் மேதைப் பிள்ளைகளுக்குத் தனித் திட்டம் தொடங்கிற்று. அதை அந்த வடிவில் நிறுத்தி, அவரவர் பள்ளியிலேயே வாய்ப்பளிக்கப் போவதாக 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்விலும், ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எண்ணித் தரம் பிரிக்கும் முறை 2021-இல் மாறிற்று. அரசாங்கத்தின் தராசு மாறிவிட்டது. நம் வீட்டுத் தராசு மாறவேண்டாமா?

ஆகவே சகோதரர்களே! கடை அடைத்து வீடு திரும்பியதும் பத்து நிமிடம் பிள்ளையின் அருகில் உட்காருங்கள். "எத்தனை மார்க்கு?" என்று கேட்காதீர்கள், "மனம் எப்படியிருக்கிறது?" என்று கேளுங்கள். அண்ணனையும் தம்பியையும் ஒப்பிட்டுப் பேசாதீர்கள். சோர்வு நீங்காவிட்டால் பள்ளி ஆலோசகரிடமும் வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். சிங்கப்பூரில் 1771 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று.

மறுமையின் பேரேட்டில் நம்மிடம் கேட்கப்படுவது பிள்ளை வாங்கிய பரிசன்று. அப்பிள்ளையை நாம் பேணிய விதமே. அமானிதத்தைப் பழுதின்றி ஒப்படைக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.