கடதாசி விளக்கும் கைகளின் உரிமையும்

கல்வியின் நோக்கம் யாது என்னும் வினா பெரும்பாலும் உயர்கல்வியை முன்வைத்தே ஆராயப்படுகின்றது. ஆயினும் அவ்வினா மிகக் கூர்மையாக எழுவது பாலர் வகுப்பின் மேசையிலே எனலாம். ஐந்து வயதுப் பிள்ளையொன்று கடதாசி விளக்குச் செய்கின்றது. வெட்டு நேராக அமையவில்லை, பசை வழிந்துள்ளது, கூடு ஒரு புறம் சரிகின்றது. பிள்ளை வீடு சென்றபின் ஆசிரியை அதனைப் பிரித்துச் செம்மையாக ஒட்டி வைக்கின்றார். இச்செயல் அன்பின்பாற்பட்டதா, அநீதியின்பாற்பட்டதா?

ஜேர்மனியில் இவ்வினாவுக்கு ஆண்டுதோறும் இடமுண்டு. அங்கு நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். நான்காம் நூற்றாண்டில் தூர்ஸ் நகர ஆயராக விளங்கிய இவர், போர்வீரராயிருந்த காலத்திற் குளிரால் வாடிய இரவலன் ஒருவனுக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக்கிப் பாதியை ஈந்தார் என்பது மரபு. அதனை நினைந்து, மாலை இருளிற் பிள்ளைகள் கோலில் விளக்கைத் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் செல்வர். அதற்கு முந்திய நாட்களிற் பாலர் பள்ளிகளில் அட்டையும் ஒளி ஊடுபுகும் மென்கடதாசியும் பசையுமாக விளக்குச் செய்யும் பணி நடைபெறும். இத்தகைய பள்ளிக்கு 1840 இல் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், எனப் பெயரிட்டவர் பிரெடரிக் புறோபல். கடதாசியை மடித்தல், வெட்டுதல், பின்னுதல் ஆகியவற்றை அவர் பிள்ளைகளுக்குரிய தொழிற்பாடுகளாக வகுத்தார். தன் அகத்தே உள்ளதைப் புறத்தே உருவாக்குவதன் வாயிலாகவே பிள்ளை வளர்கின்றது என்பது அவர் கொள்கை.

திருத்தும் ஆசிரியையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஊர்வலத்தின் நடுவழியில் விளக்குப் பிரிந்து விழுந்தாற் பிள்ளை அழும். மற்றப் பிள்ளைகளின் விளக்குகளோடு ஒப்பிட்டுத் தன்னைத் தாழ்வாக எண்ணவும் கூடும். அத்துயரைத் தடுக்க நினைப்பது கருணையே.

எனினும் இக்கருணை இரண்டு குறைகளை உடையது. முதலாவது, அது வாய்மைக்கு மாறானது. பிறர் செய்த விளக்கிற் பிள்ளையின் பெயரை எழுதி, "நன்றாகச் செய்தாய்" எனப் பாராட்டும்போது அப்பாராட்டே பொய்யாகின்றது. இதனை அறியாதிருப்பின் பிள்ளை ஏமாற்றப்படுகின்றது. அறிந்திருப்பின், தன் கைவேலை பிறர்க்குக் காட்டத் தகாதது என்ற தீர்ப்பைச் சொல்லின்றியே பெற்றுக்கொள்கின்றது. இரண்டாவது குறை இதனினும் ஆழமானது. மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது, நோக்கமாகவும் கொள்ளல் வேண்டும் என்றார் கான்ற். பெற்றோர் வியக்கவும் பள்ளி புகழ் பெறவும் விளக்குத் திருத்தப்படுமாயின், பிள்ளை அங்கே காட்சிக்குரிய கருவியாகிவிடுகின்றது.

அவ்வாறாயின் பிள்ளையைத் தன்பாட்டில் விட்டுவிடுதலே முறையா? அதுவும் அன்று. வீடு கட்டியே ஒருவர் கட்டுநர் ஆவது போல, நற்செயல்களைச் செய்தே மனிதர் நல்லவராகின்றனர் என்பது அரிஸ்ரோட்டிலின் கருத்து. ஆயினும் செய்து பழகுவதற்கு வழிகாட்டியும் வேண்டும். கூரிய கம்பியை வளைப்பதும் மெழுகுதிரியையோ சிறு மின்குமிழையோ பொருத்துவதும் பெரியோர் கடமை. வேறொரு கடதாசியில் வெட்டிக் காட்டலாம். பசை காயும்வரை அட்டையைப் பிடித்துக்கொடுக்கலாம். கூடு ஏன் சரிகின்றது எனக் கேட்டுப் பிள்ளையையே சிந்திக்கச் செய்யலாம். செயலை இயலச் செய்யும் உதவி வேறு. செயலையே பறித்துக்கொள்ளும் உதவி வேறு. உதவி முடிந்தபின் "இது நான் செய்தது" எனப் பிள்ளை உண்மையாகச் சொல்ல முடியுமா என்பதே இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல்.

இவ்வளவுகோல் இலங்கைக்கும் பொருந்தும். வெசாக் பூரணைக்கு மூங்கிலைச் சீவிக் கட்டிய சட்டத்தின்மேல் மென்கடதாசி ஒட்டி வெசாக் கூடுகள் செய்யப்படுகின்றன. அதனோடு போட்டியும் பரிசும் சேரும்போது, பிள்ளையின் கைக்கு மேலாகப் பெரியோரின் கை படிவது எளிது. பரிசு பெற்ற கூடு சில இரவுகள் ஒளிர்ந்து, மழையிற் கிழிந்துபோகும். அதனைச் செய்தபோது பிள்ளை தன் கைகளைப் பற்றிக் கொண்ட எண்ணமோ நெடுங்காலம் நிலைக்கும். சரிந்த விளக்கைக் கண்டு வெட்கப்படுவோர் பெரும்பாலும் பெரியோரே. அவ்வெட்கத்தைப் பிள்ளையின்மேற் சுமத்தாது தாமே பொறுத்துக்கொள்ளுதல், கற்பிப்போர்க்கும் பெற்றோர்க்கும் உரிய அறமாகும்.