தேநீரும் கடனும்

பெருநகரத்து உயர்தர ஓட்டலில் தேநீர் அருந்தி விலை கொடுத்தவுடன் நம் கடன் தீர்ந்துவிடுமோ?

மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்கு ஏற்றிச் செல்ல 1908 முதல் சிறு இரயில் ஓடிற்று. 1924 பெருவெள்ளம் அதனை அழித்தது. ஆயினும் தேயிலை வேறு வழியே நகரஞ் சேர்ந்தது. பண்டத்திற்கு என்றும் வழியுண்டு. கொழுந்து பறிக்கும் பெண்டிர்க்கோ வேலையுள்ளவரையே லயத்தில் இடம். ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்தல் வேண்டும். 2015-இல் அவர்களே திரண்டு 20 விழுக்காடு போனசும் கூலி உயர்வும் கேட்டனர்.

ஆலையில் உழைத்த நாம் அறிவோம்: காசு கடைக்காரர் கணக்கைத் தீர்க்கும், உழைத்தவர் கணக்கைத் தீர்க்காது. தேநீரைத் துறக்க வேண்டுவதில்லை. பறித்தவர் நியாயங் கேட்கும்போது, அயலார் வழக்கென்று வாளாவிராமல் உடன் நிற்றலே எஞ்சிய கடனைச் செலுத்தும் வழியாம்.