சாம்பிராணிக்கு முன்

வெள்ளி இரவு வந்துவிட்டால், உத்திரமேரூர்ப் பக்கத்து நம் வீடுகளில் மஃரிபுக்குப் பின் சாம்பிராணி மணக்கும். நல்ல வழக்கந்தான். ஹழ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் அகிற்கட்டையைத் தனியாகவும், சில வேளை கற்பூரம் சேர்த்தும் புகைப்பார்கள்; நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் இவ்வாறே செய்தார்கள் என்பார்கள். முஸ்லிம் ஷரீபில் இது வருகிறது.

ஐப்பசி மழையில் ஒரு வீட்டிற்குப் போயிருந்தோம். கூடம் முழுக்கப் புகை. அதையும் மீறி மூத்திர வாடை. நடை தளர்ந்த தாயார் மூலையில் ஈரப் பாயில் கிடந்தார்கள். "என்னாலதான் வீடே நாறுது, ஹஜ்ரத்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நமக்குப் பேச்சு எழவில்லை.

நஜீஸ் புகையால் நீங்காது, கழுவினால்தான் நீங்கும். மதரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது. ஜன்னலைத் திறவுங்கள். மழைக்காலத்தில் பாய் உலராது; ஆகவே இரண்டு பாய் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். சேலையைத் தினமும் மாற்றுங்கள். இது மருமகளின் கடமை என்று எந்தக் கிதாபிலும் நாம் ஓதவில்லை. பெற்ற மகன் வாளியைத் தூக்கட்டும், பாயை அவரே அலசட்டும்.

அப்புறம் சாம்பிராணி போடலாம். வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் அதுவும் வேண்டாம்.